தளர்நடையிலிருந்து மெல்லோட்டம்



குழந்தை நடக்கப் பழகுவதை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். முதலில் அது கவிழ்கிறது, பிறகு தவழ்கிறது, சுவரைப் பற்றிக்கொண்டு எழுந்து நிற்கிறது, பற்றிய கையை விட்டு இரண்டடி வைக்கிறது, விழுகிறது, மறுபடியும் எழுகிறது. ஓட்டம் இவ்வளவுக்கும் பின்னால்தான் வருகிறது. இந்த வரிசையை அதற்கு யாரும் கற்பிப்பதில்லை. ‘அறிந்ததிலிருந்து அறியாததற்கு, எளியதிலிருந்து அரியதற்கு’ என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் மனப்பாடம் செய்த கோட்பாட்டைக் குழந்தை எந்தக் கல்லூரிக்கும் போகாமலே கையாள்கிறது. அந்த வரிசையை 61 வயதில் இன்னொரு முறை முதலிலிருந்து கடந்து வரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இன்று உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே: உடற்பருமனைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் படிப்படியாக மெல்லோட்டத்திற்கு வருவது எவ்வாறு?

இளைஞர்களாகிய எங்களுக்கு இச்செய்தி எதற்கு என்று சிலர் எண்ணலாம். உங்கள் தந்தையாருக்கோ தாயாருக்கோ மாமாவுக்கோ இந்தச் சிகிச்சை நடந்திருக்கலாம், நடக்கவும் கூடும். அவர் விடியற்காலையில் தெருவில் நடக்கப் புறப்படும்போது, அருகில் இருக்கப்போகிறவர்கள் நீங்கள்தாம். ஆகவே இது உங்களுக்கும் உரிய பாடம்.

முதலில் கணக்கு. ஒருவருடைய எடையைக் கிலோகிராமில் எழுதுங்கள். உயரத்தை மீட்டரில் எழுதி, அதனை அதனாலேயே பெருக்குங்கள். எடையை அப்பெருக்குத்தொகையால் வகுங்கள். வரும் ஈவுக்கு உடல் நிறை எண் என்று பெயர். பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் கெத்தலே 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த இந்தக் கணக்குக்கு இன்று வழங்கும் பெயரை 1972-இல் தந்தவர் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ். என் உயரம் 170 சென்டிமீட்டர். 2021-இல் நான் ஓய்வு பெற்ற காலத்தில் என் எடை 118 கிலோ. கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை 40-ஐத் தாண்டும். நம் நாட்டவர்க்கு 23-க்கு மேல் மிகை எடை, 25-க்கு மேல் பருமன் என்று மருத்துவர்கள் வரையறுத்திருக்கிறார்கள். தசைக்கும் கொழுப்புக்கும் வேறுபாடு காட்டத் தெரியாத கணக்கு இது. பயில்வானையும் பருமனானவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடும். ஆயினும் என் நிலையில் ஐயத்திற்கு இடமே இல்லை.

எனக்கு நீரிழிவு 14 ஆண்டுகளாக இருந்தது. நாளொன்றுக்கு இருமுறை இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன். பாதங்களில் உணர்ச்சி மங்கத் தொடங்கியிருந்தது. என் தமையனார் நீரிழிவினால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். ஒரு சிறு கொப்புளம், அது புண்ணாயிற்று, புண் ஆறவில்லை. அவருடைய ஊன்றுகோலின் ஓசை எங்கள் வீட்டுத் திண்ணையில் பல ஆண்டுகள் கேட்டது. ஆகையால், அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவர் பேச்செடுத்தபோது நான் நினைத்தது என் இடுப்பளவை அன்று, என் பாதங்களை.

இந்தச் சிகிச்சையைச் சோம்பேறிகளின் குறுக்குவழி என்று இகழ்வோர் உண்டு. அவர்களுக்கு உடலியல் தெரியாது என்பேன். நாம் பட்டினி கிடந்து எடையைக் குறைக்கும்போது நம் உடல் அதனை ஒரு பஞ்சகாலமாகவே கருதுகிறது. பசியைத் தூண்டும் சுரப்பு மிகுகிறது. உடல் செலவிடும் ஆற்றல் சுருங்குகிறது. இழந்த எடையை மீட்டுக்கொள்வதற்கே உடல் முயல்கிறது. மனவுறுதி மிக்கவர்களும் இந்தப் போரில் ஆண்டுக்கணக்கில் தோற்றிருக்கிறார்கள். பசியைத் தூண்டும் அச்சுரப்புகளுள் முதன்மையானதாகிய கிரெலின் என்பதை 1999-இல் ஜப்பானிய அறிஞர்கள் கோஜிமா, கங்காவா ஆகியோர் கண்டறிந்தார்கள். இரைப்பையின் மேற்பகுதியில்தான் அது பெரும்பாலும் சுரக்கிறது. எனக்குச் செய்யப்பட்ட சிகிச்சையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அந்த மேற்பகுதியும் அதனோடு போய்விடுகிறது. எஞ்சுவது ஒரு வாழைக்காய் வடிவக் குழாய். இன்னொரு முறையும் உண்டு. இரைப்பையில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்துக் குடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைக்கும் மாற்றுவழி முறை அது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து மேசன், ஈட்டோ என்னும் இரு மருத்துவர்கள் 1966-இல் தொடங்கிவைத்த வழி. எது யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

2022 பிப்ரவரியில் எனக்கு அறுவை நடந்தது. அன்று மாலையே செவிலியர் அம்மையார் வந்து, “எழுந்திருங்க ஐயா, நடக்கணும்” என்றார். “இன்றைக்கேவா அம்மா?” என்றேன். “இன்றைக்கேதான்” என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். படுத்தே கிடந்தால் கால் நாளங்களில் குருதி உறைந்து கட்டியாகக்கூடும். அக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே இடையூறு. அதனால்தான் இந்த அவசரம். கட்டிலிலிருந்து கதவு வரை போய்த் திரும்பினேன். என் இரண்டாம் தளர்நடை அதுவே.

வீட்டுக்கு வந்ததும் பழைய பழக்கப்படி ஒரு பாடக்குறிப்பேடு தொடங்கினேன். 35 ஆண்டுகள் நோக்கம், துணைக்கருவி, படிநிலை, மதிப்பீடு என்று கட்டம் போட்டு எழுதிய கைக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது. இயன்முறை மருத்துவராகிய ஓர் இளம் அம்மையார் என் குறிப்பேட்டைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் அதன் பிறகு தம் அறிவுரைகளை அதிலேயே எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்.

முதல் வாரத்துக் குறிப்பில் இருப்பது இவ்வளவே: வீட்டுக் கூடத்தில் ஐந்து நிமிட நடை, நாளொன்றுக்கு ஆறு முறை. இரண்டாம் வாரத்தில் ஒவ்வொரு நடையும் எட்டு நிமிடம். பிறகு வாசலைத் தாண்டித் தெருமுனை வரை. ஆறாம் வார முடிவில் முப்பது நிமிடம் நிற்காமல் நடந்தேன். அந்த ஆறு வாரமும் பளுவான பொருள் எதையும் தூக்கக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. வயிற்றின் உட்புறத்துத் தையலும் வெளிப்புறத்துத் துளைகளும் வலுப்பெற அவ்வளவு காலம் வேண்டும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கை நீண்டால் என் மனைவியார் ஒரு பார்வை பார்ப்பார். கை தானாகவே மடங்கிவிடும்.

இங்கே ஒரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எடை விரைந்து குறையும்போது கொழுப்பு மட்டுமே குறைவதில்லை. குறையும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தசை முதலிய கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போகிறது. முதியவர்க்கு இது பெரிய இழப்பு. மெலிந்துவிட்டோம் என்று மகிழ்ந்திருக்கையில், நாற்காலியிலிருந்து எழத் தொடையில் வலுவில்லாமற் போகலாம். வலுவற்ற தொடையோடு ஓடப் புறப்பட்டால் அந்த அதிர்ச்சி முழுவதையும் முழங்கால் மூட்டே தாங்க வேண்டிவரும். ஆகையால் ஓட்டத்திற்கு முந்திய பாடம் தசைப்பாடம்.

அதற்கு இரண்டு பகுதிகள். ஒன்று உணவு. நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும் என்றார்கள். ஒரு முட்டையில் உள்ளது ஏறத்தாழ 6 கிராம். அப்படியானால் பத்து முட்டை! சிறு கிண்ண அளவே கொள்ளும் வயிற்றுக்கு இது எவ்வளவு கடினமான கணக்கு என்பதை எண்ணிப் பாருங்கள். முட்டை, மீன், தயிர், பாசிப்பயறு, சுண்டல், போதாக் குறைக்கு மருத்துவர் எழுதித் தந்த புரதப் பொடி என்று நாள் முழுவதும் பகுத்து உண்ண வேண்டியிருந்தது. தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் சோறு. சோற்றை முதன்மையாகவும் மற்றவற்றைத் துணையாகவும் கொண்டு வளர்ந்த நமக்கு, இந்த வரிசை மாற்றமே அறுவையைவிடப் பெரிய மாற்றம். இவற்றோடு உயிர்ச்சத்து பி12, டி, இரும்பு, சுண்ணாம்புச் சத்து ஆகிய மாத்திரைகளும் வாழ்நாள் முழுவதும் உண்டு. இரும்பும் பி12-உம் குறைந்தால் குருதி வளம் குன்றும். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அந்நிலையில் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை. எலும்பின் திண்மையும் இச்சிகிச்சைக்குப் பின் குறையக்கூடும்.

இன்னொரு பகுதி, தசைக்கு வேலை கொடுப்பது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவதும் அமர்வதுமாகப் பத்து முறை. சுவரில் கை ஊன்றித் தள்ளுதல். மாடிப்படியின் முதற்படியில் ஏறி இறங்குதல். இரண்டு மாதத்திற்குப் பிறகு, இழுத்தால் நீளும் ரப்பர்ப் பட்டையைக் கொண்டு கை கால்களுக்குப் பயிற்சி. வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இதிலெல்லாம் சுவை ஏதும் இராது. ஆனால் என் குறிப்பேட்டில் அதிகப் பக்கங்களைப் பிடித்திருப்பவை இவையே.

இனி ஓட்டம். நான் பிறந்து வளர்ந்தது மதுரை. வண்டியூர்த் தெப்பக்குளம் என் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவு. அதனை ஒருமுறை வெளிப்புறமாகச் சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். நான் சிறுவனாக இருந்தபோது நீரின்றிக் கிடந்த அந்தக் குளத்தின் தரையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகை நீர் நிரம்பி, மைய மண்டபத்தின் நிழல் நீரில் அசைகிறது. விடியற்காலையில் அதைச் சுற்றி நடப்பவர்கள் ஏராளம். ஐந்தாம் மாத முடிவு வரை நானும் அவர்களுள் ஒருவனாய் நடந்தேன்; ஓடவில்லை. ஏன் என்று கேட்பீர்கள்.

நடக்கும்போது எப்போதும் ஒரு பாதமேனும் தரையில் இருக்கிறது. ஓடும்போது ஒரு கணம் இரு பாதங்களும் தரையை விட்டு எழும்பிப் பிறகு ஒரு பாதத்தின்மேல் முழு உடலும் விழுகிறது. அந்த ஒவ்வோர் அடியிலும் பாதத்தைத் தாக்கும் விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. 118 கிலோ உடையவர் ஓடினால் ஓரடிக்கு 236 முதல் 354 கிலோ. ஒரு கிலோமீட்டரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகள் விழும். பெருக்கிப் பாருங்கள். ஐந்தாம் மாதம் என் எடை 95 கிலோவாக இறங்கியிருந்தது. முழங்கால் தேய்மானமுள்ள முதியோரை ஆராய்ந்து 2005-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் நடையின் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று கூறுகிறது. நான் இழந்தது 23 கிலோ. அப்படியானால் ஓரடிக்கு 92 கிலோ! ஒருவரை முதுகிலிருந்து இறக்கிவைத்தது போன்ற விடுதலையை என் முழங்கால்கள் உணர்ந்ததில் வியப்பென்ன?

மெல்லோட்டம் என்பது நோயுற்றவர்க்கும் முதியவர்க்கும் உரியதாக வந்த வரலாறு சுவையானது. நியூசிலாந்து நாட்டில் ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்டு என்னும் பயிற்சியாளர் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்நெல், மரே ஹால்பெர்க் ஆகிய இருவரும் 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். இப்பெருமைக்குப் பிறகு அவர் கருத்து நடுவயதைக் கடந்த, தொந்தி சரிந்த, இதயநோய் கண்ட ஆடவர்பால் சென்றது. மெல்ல ஓடுங்கள், மூச்சு முட்டாமல் ஓடுங்கள் என்று அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். இதய நோயாளி என்றால் படுக்கையே கதி என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. 1962-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே சென்றார். ஐம்பதைக் கடந்த அவரையும் லிடியார்டு தம் குழுவினரோடு ஓட அழைத்தார். புகழ் பெற்ற பயிற்சியாளர் பின்தங்கிவிட்டார்! அவருக்குத் துணையாகத் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேசியபடி உடன் ஓடியவர், எழுபதைக் கடந்தவரும் இதயத் தாக்குதலுக்கு உள்ளானவருமாகிய ஒரு முதியவர். பவர்மன் ஊர் திரும்பி, ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து 1967-இல் மெல்லோட்டத்தைப் பற்றி நூல் எழுதினார். அமெரிக்கா ஓடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அந்த முதியவர் பேசியபடி ஓடினார் என்று சொன்னேன் அல்லவா? அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஓடும்போது அருகில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சு ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டால் வேகம் மிகுதி. இதனைவிட எளிய கருவியை நான் அறியேன், விலையும் இல்லை.

1996-இல் ஜாஷ் கிளார்க் என்னும் அமெரிக்கர், நாற்காலியை விட்டு எழாதவரையும் ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடவைக்கும் ஒரு திட்டத்தை வகுத்தார். வாரம் மூன்று நாள். முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என மாறி மாறி 20 நிமிடம். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் திட்டம் இது. இயன்முறை மருத்துவர் அம்மையார் இதனை எனக்காகச் சுருக்கியும் நீட்டியும் மாற்றி எழுதினார். ஓட்டத்தைச் சுருக்கினார்: 30 விநாடி ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டு முறை. காலத்தை நீட்டினார்: ஒவ்வொரு படியிலும் ஒரு வாரத்திற்குப் பதில் இரண்டு வாரம், தேவையானால் மூன்று. “மூச்சு உங்களுக்குச் சீக்கிரம் பழகிடும் சார். அதை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது. தசைநாணும் எலும்பும் மெதுவாத்தான் பழகும்” என்றார். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும் மாணவர்கள். தசைநாண்களும் எலும்புகளுமோ மாதக்கணக்கில் ஒரே பாடத்தைக் கேட்கும் மாணவர்கள். வகுப்பின் வேகத்தைப் பின்னவரைக் கொண்டே அமைக்க வேண்டும் என்று எந்த ஆசிரியருக்கும் சொல்லத் தேவையில்லை.

2022 ஆகஸ்டு மாதம் ஒரு திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு முதல் முப்பது விநாடியை ஓடினேன். வேகமாக நடந்த ஒரு அம்மையார் என்னை முந்திக்கொண்டு போனார். குளத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த சிறுவர்களில் ஒருவன், “தாத்தா, ஓடுறீங்களா, நடக்கிறீங்களா?” என்று கேட்டான். “ரெண்டும்தான் தம்பி” என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் அதே சிறுவர்கள் என் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, “தாத்தா, முப்பது ஆச்சு, நடங்க!” என்று கூவத் தொடங்கினார்கள். இவ்வளவு கண்டிப்பான மேற்பார்வையாளர்களை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

இங்கே ஒன்று குறிப்பிடத் தோன்றுகிறது. நம் பள்ளிகள் பலவற்றில் ஓட்டம் ஒரு தண்டனை. நேரங்கழித்து வந்தால் மைதானத்தைப் பத்துச் சுற்று. வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் ஐந்து சுற்று. பருமனான பிள்ளை மூச்சிரைத்துக் கடைசியில் வர, மற்றவர்கள் கைகொட்டுவார்கள். நான் தலைமையாசிரியனாய் இருந்த பள்ளியில் இதனை நிறுத்தினேன். திருக்குறளைத் தண்டனையாக நூறு முறை எழுதச் சொன்னால் அந்தப் பிள்ளைக்குக் குறளின்மேல் அன்பு பிறக்குமா? ஓட்டத்திற்கும் அதுவே பொருந்தும். உங்கள் வகுப்பில் கடைசியாக ஓடிவரும் தோழனைப் பார்த்து நீங்கள் சிரித்தால், அவன் நாற்பது ஆண்டு ஓடாமலே இருந்துவிடக்கூடும்.

பாடக்குறிப்பில் இல்லாதவையும் சில நேர்ந்தன. இரண்டாம் மாதம் உட்கார்ந்து எழும்போதெல்லாம் தலை சுற்றியது. எடை குறையக் குறையக் குருதி அழுத்தமும் குறைந்துவருகிறது. மாத்திரையோ பழைய அளவிலேயே இருக்கிறது. அளந்து பார்த்த மருத்துவர் அதனைப் பாதியாக்கினார். நான்காம் மாதம் நிறுத்தினார். இன்சுலினும் அவ்வாறே படிப்படியாகக் குறைந்து மூன்றாம் மாதம் நின்றது. ஒரு மாத்திரை மட்டும் தொடர்கிறது. இம்மருந்துகளைத் தாமாகவே குறைப்பதும் தவறு. அளந்து பார்க்காமல் பழைய அளவிலேயே தொடர்ந்து ஓடப் போவதும் ஆபத்து.

தண்ணீர் இன்னொரு சிக்கல். ஓடி முடித்ததும் நீங்கள் ஒரு சொம்பு நீரை அண்ணாந்து குடித்துவிடுவீர்கள். என்னால் முடியாது, குழாய் போன்ற வயிறு அதை ஏற்காது. ஆகவே விடிவதற்கு முன்பே மிடறு மிடறாகத் தொடங்க வேண்டும். ஒரு சிறு புட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நடைப் பகுதியிலும் ஒரு மிடறு. சித்திரை வெயிலில் ஆறு மணிக்கு மேல் நான் ஓடுவதே இல்லை. களைத்து வருபவரைக் கண்டு இரங்கிச் சர்க்கரை கலந்த பானம் கொடுப்பவர்களும் உண்டு. மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்க்கு அது பெருந்துன்பம் தரும். சர்க்கரை நேரே குடலுக்குள் கொட்டப்பட்டுப் படபடப்பும் வியர்வையும் வயிற்று வலியும் உண்டாகும். அன்போடு கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

நவம்பர் மாதம் இடது கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பு ஓரத்தில் வலி வந்தது. புதிதாக ஓடுபவர் பலர்க்கும் வருவதுதான் என்றார்கள். நண்பர் ஒருவர் உடனே சட்டைப் பையிலிருந்து வலிமாத்திரை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஐபுப்ரோபென் முதலிய வலிமாத்திரைகள் இவ்வகை அறுவைக்குப் பின், சிறப்பாக மாற்றுவழி அறுவைக்குப் பின், வயிற்றில் புண் உண்டாக்கக்கூடியவை. எனக்கும் அவை விலக்கு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். பத்து நாள் ஓட்டத்தை விட்டு நடை மட்டும் நடந்தேன். காலணியையும் மாற்றினேன். பிறகு இரண்டு படி கீழே இறங்கி மறுபடியும் தொடங்கினேன். வகுப்பில் பாதிப்பேர்க்கு விளங்கவில்லை என்றால் முந்திய பாடத்திற்குத் திரும்புவது ஆசிரியனுக்கு இழுக்கன்று.

காலணி பற்றிச் சொன்னதால், பாதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எடை குறையும்போது பாதமும் சற்றுச் சிறுக்கக்கூடும். பழைய காலணி தளர்ந்து உராயும். உணர்ச்சி மங்கிய பாதத்தில் கொப்புளம் கிளம்பினாலும் நமக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் ஓடி வந்ததும் நாற்காலியில் அமர்ந்து, பாதங்களைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் பார்க்கிறேன். உள்ளங்காலைப் பார்க்க ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். என் பேரன் சில நாள் அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வான். ஓட்டத்தைத் தவறவிட்ட நாட்கள் உண்டு. இதைத் தவறவிட்ட நாள் இல்லை.

தளர்ந்து தொங்கும் தோலைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. கொழுப்புப் போன பின் வயிற்றிலும் தொடையிலும் தோல் மடிந்து தொங்கும். ஓடும்போது உராய்ந்து புண்ணாகும். இறுக்கமான உள்ளாடை அணிந்து, மடிப்புகளில் ஈரமில்லாமல் காத்துக்கொண்டால் போதும். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

2023 ஜனவரியில், முதன்முறையாகத் தெப்பக்குளத்தை ஒருமுறை நில்லாமல் ஓடிச் சுற்றி வந்தேன். பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு தெப்பத் திருவிழா வந்துவிட்டது. குளக்கரையில் கால் வைக்க இடமில்லை. ஒரு வாரம் பள்ளி மைதானத்தில் ஓடினேன். ஜூன் மாதம் மூன்று சுற்று கைகூடியது.

இந்த ஓட்டத்தினால்தான் எடை குறைந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஓட்டத்தில் செலவாகும் ஆற்றல், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. 80 கிலோ உடையவர் மூன்றரைக் கிலோமீட்டர் ஓடினால் 280 கலோரி. இரண்டு மூன்று உளுந்து வடையில் அது திரும்பி வந்துவிடும். எடையைக் குறைத்தது அறுவையும் உணவும். குறைந்ததைக் காப்பதில்தான் பயிற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. ஓரிரண்டு ஆண்டுக்குப் பின் எடை மெல்லத் திரும்ப முயலும். என் எடையும் 79 வரை இறங்கி, இப்போது 83-இல் நிற்கிறது. அதற்கு மேல் ஏறாதபடி பார்த்துக்கொள்கிறேன். எல்லோரும் ஓடித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இதே சிகிச்சை செய்துகொண்ட என் நண்பருக்கு முழங்கால் மூட்டு மிகவும் தேய்ந்துவிட்டது. அவர் விரைந்து நடக்கிறார், நீந்துகிறார். நடையைவிட ஓட்டம் உயர்ந்த வகுப்பு என்று நினைப்பது பட்டம் பெற்றவர்களுக்கே உரிய ஒரு மயக்கம்.

உங்கள் வீட்டில் ஒருவர் இந்நிலையில் இருந்தால், நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. அவருடன் கூடச் செல்லுங்கள். உங்கள் வேகத்தில் அன்று, அவர் வேகத்தில். முன்னால் ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்து ‘வாங்கப்பா’ என்று அழைக்காதீர்கள். பக்கத்திலேயே நடந்தபடி கேள்வி கேட்டுக்கொண்டே வாருங்கள். அவர் படித்த பள்ளியைப் பற்றிக் கேளுங்கள், முதற்சம்பளத்தைப் பற்றிக் கேளுங்கள். விடை நீண்டு வந்தால் வேகம் சரியாக இருக்கிறது. ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று வந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மார்பில் வலியோ மயக்கமோ என்று சொன்னால், அங்கேயே நின்று மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இப்போது வாரம் மூன்று நாள் ஓடுகிறேன். இரண்டு நாள் ரப்பர்ப் பட்டையும் நாற்காலியும். மற்ற நாட்களில் நடை. நேரம் பார்த்துக் கூவிய சிறுவர்களில் பெரியவன் இப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு ஓட வருகிறான். அவன் ஒரு சுற்றில் பாதியை என்னோடு பேசியபடி வந்துவிட்டு, “வரேன் தாத்தா” என்று சொல்லி முன்னே பாய்ந்து போய்விடுவான். மூன்றாம் சுற்று முடிவதற்குள் இரண்டு முறை என்னைக் கடந்து செல்வான். கடக்கும்போதெல்லாம் என் கையிலுள்ள தண்ணீர்ப் புட்டியைச் சுட்டிக் காட்டிவிட்டுத்தான் போவான். நான் ஒரு மிடறு குடிப்பேன்.